தோட்டத்துப் பிள்ளைகளோடு 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' வாசிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் வாசிப்பு வட்டம் தொடங்க நினைக்கும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். 14 முதல் 18 வயது வரையான பிள்ளைகளோடு சார்ள்ஸ் டிக்கன்ஸின் இந்த நாவலை வாசித்துவிட்டு, புதிதாக வருபவர்கள் எந்தெந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்றும் பார்த்த பிறகுதான் இந்தப் படிகளை ஒழுங்குபடுத்தினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிப் என்ற சிறுவனின் கள்ளமில்லாத மனம் இந்தக் கதையில் பெரிய பாவம் எதுவும் செய்து கெடுவதில்லை. அவன் வயதுப் பிள்ளை எஸ்டெல்லா அவன் கையையும் சப்பாத்தையும் பார்த்து இளக்காரமாகப் பேசுகிறாள், அங்கேதான் கெடுகிறது. அந்த இடத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். கீழே உள்ள படிகளெல்லாம் அதற்காகத்தான்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் புத்தகம். நாவல் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வார இதழில் தொடராக வந்தது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் குட்டன்பர்க் இணையத் தளத்தில் இலவசமாக இறக்கலாம். மேல் டிவிசன்களில் சிக்னல் கிடைக்காத இடங்கள் நிறைய, அதனால் டவுனில் இருக்கும்போதே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். மொத்தம் 59 அத்தியாயங்கள், மூன்று பாகங்கள். முழுவதையும் போட்டோகொப்பி எடுக்கத் தேவையில்லை. 1 முதல் 3 வரை, 5, 7, 8, 9, 13, 14, 18, 19, 22, 27, 39, 42, 57 ஆகியவை போதும். இடையில் வருவதை நீங்கள் கதையாகச் சொல்லலாம்.

நீங்கள் முழுவதையும் இரண்டு தடவை வாசித்திருக்க வேண்டும். முதல் வாசிப்பு கதைக்காக. இரண்டாவது தடவை பென்சிலோடு, யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் யாருக்குச் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டு வாசியுங்கள். ஏன் இந்த இரண்டு என்பது நாலாவது படியில் வரும்.

அப்புறம் இடம். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஸ்டாப் குவார்ட்டர்ஸ் விறாந்தை வசதியாகத்தான் இருக்கும், கதிரைகளும் இருக்கும். ஆனால் லயத்துப் பிள்ளைகள், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகள், அங்கே வந்தால் வாசலில் தயங்கி நிற்பார்கள், கடைசியில் ஓரமாக உட்காருவார்கள். வாயே திறக்க மாட்டார்கள். முன்பள்ளிக் கட்டடம், கோயில் மண்டபம், வாசிகசாலை என்று எல்லோரும் ஒரே பாயில் உட்காரக்கூடிய இடமாகப் பாருங்கள். கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளையும் கொழுந்து எடுக்கும் அம்மாவின் பிள்ளையும் டவுன் கடைக்காரர் பிள்ளையும் ஒரே வட்டத்தில் இருந்தால்தான் இந்த நாவல் வேலை செய்யும்.

நேரம்: சனி, ஞாயிறு பின்னேரம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நாலு மணிக்கே மூட்டம் இறங்கிவிடும். பெண் பிள்ளைகள் வெளிச்சத்தோடு வீட்டுக்கு நடந்து போய்ச்சேர வேண்டும். அதனால் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தொடங்கிவிடுங்கள். திருவிழா வாரத்தில் கூட்டம் வைக்காதீர்கள், யாரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது.

2. மொழியை முதலில் தீர்மானியுங்கள்

கதையைத் தமிழில் சொல்லுங்கள். முக்கியமான பத்திகளை மட்டும் ஆங்கிலத்தில் நீங்களே உரக்க வாசித்து, உடனே தமிழில் விளக்குங்கள்.

"இங்கிலீசும் வளரட்டுமே" என்று பிள்ளைகளை ஆளுக்கொரு பத்தி ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. முதல் கூட்டத்திலேயே வட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். டவுன் பாடசாலைக்குப் போகும் பிள்ளை சரளமாக வாசிக்கும். தோட்டப் பாடசாலைப் பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கும்போது பக்கத்தில் யாராவது சிரிப்பார்கள். நாவலில் பிப்புக்கு நடப்பது அப்படியே உங்கள் கண் முன்னால் நடந்துவிடும், அதற்கு நீங்களே காரணமாகவும் இருப்பீர்கள். ஐந்தாறு வாரம் போகட்டும். அதற்குப் பிறகு விரும்புகிறவர்கள் வாசிக்கலாம்.

3. முதல் கூட்டம்: கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராகத் தொடங்குங்கள்

டிக்கன்ஸின் வாழ்க்கை வரலாறு, விக்டோரியா காலம் எதுவும் வேண்டாம். முதல் அத்தியாயத்தைச் சொல்லத் தொடங்குங்கள். பிப் தாயையும் தகப்பனையும் பார்த்ததில்லை. கல்லறையில் வெட்டியிருக்கும் எழுத்தின் வடிவத்தை வைத்து, அப்பா கட்டையான, கறுத்த, சுருட்டை முடிக்காரராக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறான். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எழுத்தைத் தடவி ஆளைத் தேடும் காட்சி 27ஆம் அத்தியாயத்தில் மறுபடி வரப்போகிறது.

அப்புறம் காலில் விலங்கோடு தப்பி வந்த கைதி. அவன் மிரட்டியதால் பிப் வீட்டிலிருந்து சாப்பாடும் அரமும் திருடிக்கொண்டு வருகிறான். மூன்றாம் அத்தியாயத்தில் கைதி அவசர அவசரமாகச் சாப்பிடுகிறான். தங்கள் வீட்டுப் பெரிய நாய் சாப்பிடுவதைப் போலவே இருக்கிறது என்று பிப் கவனிக்கிறான். கவனித்துவிட்டு, "நீங்கள் ரசித்துச் சாப்பிடுவது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது" என்கிறான். கைதியும் நன்றி சொல்கிறான்.

கள்ளமில்லாத மனம் என்றால் என்ன என்பதை இந்த ஒரு வரியில் காட்டிவிடலாம். புதியவர்கள் அதை 'நல்ல பிள்ளை' என்று விளக்கிவிடுகிறார்கள். பிப் இந்த இடத்தில் நல்ல பிள்ளையாக ஒன்றும் இல்லை. திருடியிருக்கிறான், பயந்து நடுங்குகிறான், வீட்டில் மறைத்திருக்கிறான். ஆட்களை மேல், கீழ் என்று அளக்க மட்டும் இன்னும் படிக்கவில்லை. பசித்த மனிதன் சாப்பிடுவது அவனுக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். இந்த விளக்கத்தை முதல் நாளே ஊன்றிவிடுங்கள், பிறகு எட்டாம் அத்தியாயத்தில் எது தொலைந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஐந்தாம் அத்தியாயத்தில், பிப்பை வளர்க்கும் அக்கா கணவரான கொல்லர் ஜோ பேசும் ஒரு வரியையும் விடாதீர்கள். பிடிபட்ட கைதி, பையனைக் காப்பாற்ற, சாப்பாட்டைத் தானே திருடியதாகச் சொல்லிவிடுகிறான். அதற்கு ஜோ, நீ என்ன செய்தாயோ எங்களுக்குத் தெரியாது, ஆனால் அதற்காக நீ பட்டினியால் சாக வேண்டும் என்று நினைக்கமாட்டோம் என்கிறார். ஜோ வளர்ந்த மனிதர். அந்த மனது வயதோடு போக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்கு நாவல் முழுக்க அவர்தான் சாட்சி.

4. பார்வைக் கொப்பி

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கொப்பியில் ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு வரி எழுத வேண்டும். யார் யாரைப் பார்த்தார்கள்? யார் யாருக்கு எப்படிச் சாப்பாடு கொடுத்தார்கள்?

வர்க்கம், ஏற்றத்தாழ்வு என்ற சொற்களை நீங்கள் கொடுத்தால் பிள்ளைகள் பரீட்சை விடைபோல அவற்றையே திருப்பித் தருவார்கள். பார்வையையும் சாப்பாட்டையும் பின்தொடரச் சொன்னால் அவர்களே பிடித்துவிடுவார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் கைதி நாய்போலச் சாப்பிடுகிறான், பிப் மரியாதையாகப் பேசுகிறான். எட்டாம் அத்தியாயத்தில் எஸ்டெல்லா பிப்புக்கு நாய்க்குப் போடுவதைப் போலப் போடுகிறாள். இரண்டையும் கொப்பியில் அடுத்தடுத்துப் பார்க்கும் பிள்ளை தானாகவே கையைத் தூக்கும். அதுவரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். கஷ்டம்தான், ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

5. எட்டாம் அத்தியாயத்துக்கு ஒரு முழுக் கூட்டம்

இங்கே வேகத்தைக் குறையுங்கள். மற்ற அத்தியாயங்களை இரண்டு மூன்றாகச் சேர்த்துப் போகலாம், இதை மட்டும் தனியாக வையுங்கள்.

பணக்கார மிஸ் ஹாவிஷம் வீட்டில் பிப் விளையாடப் போகிறான். அங்கே அவன் வயதுப் பிள்ளை எஸ்டெல்லா. சீட்டு விளையாடுகிறார்கள். ஒரு சீட்டின் பெயரை அவன் தன் வீட்டில் சொல்கிற மாதிரி சொல்லிவிடுகிறான். முதல் ஆட்டம் முடிவதற்குள் அவள் அதைச் சொல்லிக்காட்டுகிறாள். எவ்வளவு கரடுமுரடான கை, எவ்வளவு தடித்த சப்பாத்து என்றும் சொல்கிறாள். அதற்கு முன்பு அவன் தன் கையைப் பற்றி நினைத்ததே இல்லை. அவளுடைய இளக்காரம் அவ்வளவு பலமாக இருந்ததால் அது தனக்கும் தொற்றிக்கொண்டது என்கிறான்.

விளையாட்டு முடிந்ததும் எஸ்டெல்லா பாணும் இறைச்சியும் கொண்டுவருகிறாள், ஒரு குவளை பியரும். குவளையை முற்றத்துக் கல்லில் வைக்கிறாள். அவன் முகத்தைப் பார்க்காமலே சாப்பாட்டை நீட்டுகிறாள். அவன் கண்ணில் நீர் வருவதை மட்டும் பார்க்கிறாள், பார்த்ததும் அவளுக்கு ஒரு திருப்தி. அவள் போன பிறகு பிப் சுவரை உதைக்கிறான், தன் தலைமுடியைத் தானே பிடித்து முறுக்குகிறான்.

இந்தப் பத்தியை இரண்டு தடவை வாசியுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: "அவனுக்கு யார் மேல் கோபம்?" முதலில் எல்லோரும் எஸ்டெல்லா என்பார்கள். அப்போது, சாப்பாடு வருவதற்குச் சற்று முன் உள்ள வரிகளைக் காட்டுங்கள். ஜோ ஏன் அந்தச் சீட்டுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்தார், ஜோ இன்னும் கொஞ்சம் நாகரிகமாக வளர்ந்திருக்கக் கூடாதா, அப்படியென்றால் நானும் அப்படி இருந்திருப்பேனே என்று பிப் நினைக்கிறான். அடித்தவள் ஒருத்தி, கோபம் திரும்புவது வீட்டுப் பக்கம். என்னைக் கேட்டால் நாவலின் மையம் இதுதான். ஒரு பிள்ளை தன் வீட்டைப் பிறத்தியார் கண்ணால் பார்க்கத் தொடங்கிய நாள் இது.

6. பிள்ளைகளின் சொந்தக் கதையைக் கேட்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். எட்டாம் அத்தியாயம் முடிந்ததும் "உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?" என்று கேட்கும் ஆசை எல்லா ஆசிரியர்களுக்கும் வரும். கேட்காதீர்கள்.

நடந்திருக்கிறது. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைக் காதில் வாங்காமல் டவுனுக்குப் போய்வரும் பிள்ளை குறைவு. பஸ்ஸில் கேட்டிருப்பார்கள், ரியூசனில் கேட்டிருப்பார்கள். லய விலாசத்தை எழுத யோசித்துவிட்டு டவுன் கடை விலாசத்தைக் கொடுக்கும் பிள்ளைகள் உண்டு. அதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லவைத்தால், பட்ட அவமானத்தை இன்னொரு தடவை படவைக்கிறோம். அதே பாயில் ஸ்டாப் வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

பிப்பைப் பற்றியே பேசுங்கள். பிப்பின் கை, பிப்பின் சப்பாத்து, பிப்பின் வீடு. ஒரு பிள்ளை தானாகத் தன் கதையைச் சொன்னால் முழுவதும் கேளுங்கள், நன்றி சொல்லுங்கள், "வேறு யாருக்கு?" என்று தூண்டாமல் கதைக்குத் திரும்புங்கள்.

7. அத்தியாயம் 9, 13, 14: வெட்கம் பழகிப்போகும் இடம்

வீட்டுக்கு வந்த பிப், அந்த வீட்டில் கறுப்பு வெல்வெட் வண்டி இருந்தது, வெள்ளிக் கூடையிலிருந்த இறைச்சிக்கு நாலு நாய்கள் சண்டை போட்டன என்று அளந்துவிடுகிறான். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். ஏன் பொய் சொன்னான் என்று கேளுங்கள். 'பொய் சொல்லக் கூடாது' என்ற பதிலோடு நிறுத்தவிடாதீர்கள். அங்கே நடந்ததைச் சொன்னால் கல்லில் வைத்த குவளையையும் சொல்ல வேண்டுமே, அதை யோசிக்கவிடுங்கள்.

13ஆம் அத்தியாயத்தில் மிஸ் ஹாவிஷம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஜோ அவரைப் பார்க்காமல் பிப்பைப் பார்த்தே பதில் சொல்கிறார். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். துரைக்கும் டொக்டருக்கும் முன்னால் வீட்டுப் பெரியவர்கள் பேச்சு வராமல் நிற்பதைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு தானாக அடங்கும். அப்போது அடுத்த வரியை வாசியுங்கள். நாற்காலிக்குப் பின்னால் எஸ்டெல்லாவின் கண் சிரித்ததைக் கண்டதும் ஜோவை நினைத்து வெட்கப்பட்டேன் என்கிறான் பிப்.

14ஆம் அத்தியாயம் சின்னது, சொந்த வீட்டை நினைத்து வெட்கப்படுவது மிகவும் துயரமானது என்று தொடங்கும். முகமும் கையும் கரியாக இருக்கும் நேரத்தில் எஸ்டெல்லா பட்டறை ஜன்னலில் எட்டிப் பார்த்துவிடுவாளோ என்று அவன் பயப்படுகிறான். அவள் அங்கே வரவேயில்லை. ஆனாலும் பயம் போகவில்லை.

இந்தக் கதையைச் சொல்வது வளர்ந்த பிப் என்பதை இங்கே விளக்குங்கள். வெட்கப்படுவது சிறுவன். அந்த வெட்கத்தை நினைத்து வருந்துவது பெரியவன். இரண்டு குரலையும் பிரிக்காவிட்டால் பிள்ளைகள் பிப்பை நன்றி கெட்டவன் என்று தள்ளிவிடுவார்கள்.

8. ஜோ லண்டனுக்கு வரும் நாள்

18, 19ஆம் அத்தியாயங்களை விரைவாகச் சொல்லிவிடலாம்: பெயர் சொல்லாத ஒருவரின் பணம், புது உடுப்பு, லண்டன் பயணம். ஆனால் 22ஐ 27க்கு முன் கட்டாயம் வாசியுங்கள். அதில் ஹெர்பர்ட் என்ற நண்பன், சாப்பிடும்போது கத்தியை வாயில் வைக்கக் கூடாது என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொடுக்கிறான். பிப்புக்கு முகம் சுருங்கவே இல்லை. பழக்கம் தெரியாதவனுக்கு இப்படியும் சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்த்த பிறகு 27க்குப் போனால்தான், பிப் ஜோவுக்குச் செய்யாமல் விட்டது எது என்று தெரியும்.

27இல் ஜோ வருவதை பிப் முதலில் காதால் கேட்கிறான். படியில் தடதடவென்று சப்பாத்துச் சத்தம், விசேஷத்துக்குப் போடும் சப்பாத்து எப்போதும் அவர் காலுக்குப் பெரிது. பிறகு கதவில் எழுதியிருக்கும் பெயரை விரலால் தடவும் சத்தம். ஏழாம் அத்தியாயத்தில் ஜோவுக்கு வாசிக்கத் தெரிந்ததெல்லாம் தன் பெயரின் இரண்டு எழுத்து மட்டும்தான். அவர் இப்போது வளர்த்த பிள்ளையின் பெயரை எழுத்தெழுத்தாகத் தடவி வாசிக்கிறார். முதல் அத்தியாயத்துக் கல்லறை எழுத்தையும், எட்டாம் அத்தியாயத்துச் சப்பாத்தையும் கொப்பியைப் புரட்டித் தேடச் சொல்லுங்கள்.

உள்ளே வந்த ஜோ தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார். மாடத்து மூலையில் வைக்கிறார், அது விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு தடவை 'பிப்' என்கிறார், அடுத்த தடவை 'சேர்' என்கிறார். போகும்போது, பட்டறை உடுப்போடு கையில் சுத்தியலோடு என்னை நினைத்துப் பார், இவ்வளவு குறை தெரியாது என்கிறார்.

இந்த அத்தியாயத்தில் புதியவர்கள் செய்யும் தவறு பிரசங்கம். "பார்த்தீர்களா, உங்கள் அம்மாவும் மழையில் நனைந்து, அட்டைக் கடியில் கொழுந்து எடுத்துத்தான் படிக்க வைக்கிறார்" என்று தொடங்குவார்கள். பரிசளிப்பு விழா தோறும் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். அதற்குப் பதிலாக, தொப்பி விழும்போது பிப் எழுந்து என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள். சின்னக் கேள்விதான், ஆனால் இதற்கு எல்லாப் பிள்ளையிடமும் பதில் இருக்கும்.

9. 39உம் 42உம்: பணம் வந்த வழி, தீர்ப்பு வந்த வழி

பிப்பைக் கனவானாக்கிய பணம் மிஸ் ஹாவிஷம் தந்ததல்ல. மூன்றாம் அத்தியாயத்தில் சாப்பாடு வாங்கித் தின்ற அதே கைதி மேக்விச், நியூ சவுத் வேல்ஸில் பாடுபட்டுச் சேர்த்தது. கேட்டதும் பிப் அருவருப்படைகிறான். ஏழு வயதில் வராத அருவருப்பு 23 வயதில் வருகிறது. கொப்பியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னால் போதும், நீண்ட விளக்கம் தேவைப்படாது.

42ஆம் அத்தியாயத்தில் மேக்விச் தன் வழக்கைச் சொல்கிறார். அவரும் காம்பேசன் என்ற படித்த மோசடிக்காரனும் ஒரே குற்றத்துக்கு ஒன்றாக நீதிமன்றம் ஏறுகிறார்கள். காம்பேசனின் தலைமுடி, உடுப்பு, வெள்ளைக் கைக்குட்டை எல்லாம் கனவான் மாதிரி. அவனுக்கு ஏழு வருடம். திட்டம் போட்டவன் அவன்தான், ஆனால் மேக்விச்சுக்குப் பதினாலு வருடம். உயர்தரப் பிள்ளைகளோடு இதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டெல்லாவின் பார்வையை ஒரு பிள்ளையின் வாய்த்துடுக்கு என்று விட்டுவிட இதற்குமேல் முடியாது, அதே பார்வை இங்கே நீதிமன்றத்தில் உட்கார்ந்து வருடக்கணக்கில் தண்டனை கொடுக்கிறது.

எஸ்டெல்லாவைக் கெட்டவளாக முடித்துவிடாமல் இருக்கவும் இதுவே சரியான இடம். ஆண்களின் மனதை உடைப்பதற்கென்றே மிஸ் ஹாவிஷம் அவளை வளர்த்தாள். மேக்விச் தன்னை ஒதுக்கிய உலகத்துக்குக் காட்ட ஒரு கனவானைத் தயாரித்தார். தங்கள் காயத்துக்கு மருந்தாக ஆளுக்கொரு பிள்ளையை எடுத்துக்கொண்ட இரண்டு பெரியவர்கள். எஸ்டெல்லாவிடமும் ஒரு சிறுபிள்ளை மனது இருந்தது, அது பிப் வருவதற்கு முன்பே போய்விட்டது.

10. கடைசிக் கூட்டமும் எழுத்து வேலையும்

மேக்விச்சின் மரணத்தை நீங்கள் சொல்லிவிட்டு, 57ஐச் சேர்ந்து வாசியுங்கள். பிப் நோயில் கிடக்கும்போது ஜோ வந்து பார்க்கிறார், பழையபடி உரிமையோடு பேசுகிறார். பிப் தேறத் தேற மறுபடியும் 'சேர்' வருகிறது. ஏன் என்று கேளுங்கள். நாவலின் இரண்டு முடிவுகளைப் பற்றி, அதாவது பிரியும் பழைய முடிவு, நண்பர் புல்வர் லிட்டன் சொல்லி டிக்கன்ஸ் மாற்றிய முடிவு ஆகியவற்றைப் பற்றி, கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அதில் இறங்கினால் பேச்சு முழுக்கக் காதல் பக்கம் போய்விடும்.

எழுத்து வேலை இதுதான்: 27ஆம் அத்தியாயத்தை ஜோவின் பக்கமிருந்து எழுதுவது. விரும்பினால் கதையைக் கொழும்பில் ஒரு போர்டிங் அறைக்கு மாற்றலாம், தோட்டத்திலிருந்து ஒரு அப்பாவோ அம்மாவோ மகனைப் பார்க்க வரலாம். 'நான்' என்று எழுத வேண்டாம், பாத்திரத்துக்குப் பெயர் வைத்து 'அவர்', 'அவன்' என்று எழுதச் சொல்லுங்கள். சொந்தக் கதை உள்ளே வந்தாலும் அது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும்.

வாசித்துக் காட்டுவது அவரவர் விருப்பம். எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் சுழிக்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். போட்டிக்கு அனுப்புவதற்கும் பேஸ்புக்கில் போடுவதற்கும் அந்தப் பிள்ளையின் சம்மதம் வேண்டும். வாங்கிய கொப்பிகளை அடுத்த கூட்டத்திலேயே அவரவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அலுமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள்.